மூஞ்சி முசேயும் உரிக்கக் கூடாத தாளும்

ஒரு பொருளை இருப்பில் சேர்ப்பதற்கு முன் அதன் உறையைப் பிரித்து நீக்க வேண்டும். பதிவேட்டில் ஏற வேண்டியது பொருள்தானே தவிர, அதைச் சுற்றி வந்த தாளும் சணலும் அல்ல. அரசுக் கிடங்கில் ஒரு மாதம் நாற்காலி தேய்த்தவனுக்கும் தெரிந்த விதி இது. நான் பணிக்காலம் முழுவதும் தேய்த்தவன். அதே விதித் தொகுப்பில் இன்னொரு வரியும் உண்டு: கீழ் அலுவலகம் தெளிவுரை கேட்டு எழுதினால், மேல் அலுவலகம் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் யாராவது ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்திருந்தால், மூஞ்சி முசே ஓர் அரசு மருத்துவமனைச் சுவரில் மாதக்கணக்கில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் நாள் முழுவதும் செலவாகும் கோபத்தைக் காலைக் காப்பிக்கு முன்பே செலவழித்துவிட்டு, காப்பிக்குப் பிறகு புதிதாகத் தொடங்கக்கூடிய ஒரே மனிதர் மூஞ்சி முசே. காப்பியில் சர்க்கரை கூடினால் கோபம். குறைந்தால் கோபம். சரியாக இருந்தால், “இன்னிக்கு இன்னா எல்லாம் சரியா இருக்குது?” என்று சந்தேகத்தோடு கூடிய கோபம்.

‘முசே’ என்பது பெரியவர்களுக்கு இந்த ஊர் கொடுக்கும் பழைய பிரெஞ்சு மரியாதை. ‘மூஞ்சி’ அவருடைய தொழில். மூடிப்போன மில் ஒன்றில் வரைபடப் பிரிவில் இருந்தவர். மில்லை மூடியவர்கள் மீது அவருக்கிருந்த கோபத்தில் பாதியை அரசியல்வாதிகளுக்கும் மீதியை அலுமினியத் தகட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார். தகட்டுக்குப் போன பாதி வீணாகவில்லை.

ஊரில் சாரம் என்ற பகுதியில் ஒரு டியூஷன் சென்டரின் வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில பெரிய மனிதர்கள் கூடுவார்கள். பொட்டலத்தில் வரும் எலக்ட்ரானிக்ஸ் கிட்டுகளைப் பிரித்து, சால்டரிங் புகையில் கண்ணீர் விட்டு, கடிகாரம், வெப்பமானி, எழுத்து ஓடும் பலகை என்று எதையாவது ஒளிர வைப்பார்கள். ஓய்வு பெற்ற கணவர்களை வீட்டை விட்டுக் கிளப்ப மனைவிமார் செய்த ஏற்பாடு அது என்பது என் கருத்து. என்னையும் கிளப்பினார்கள். நானும் போய் ஒரு கடிகாரம் செய்தேன். அது எண்களைக் காட்டியது; நேரத்தைக் காட்டியது என்று சொல்ல மாட்டேன்.

கிட் என்றால் ஒரு சர்க்யூட், சில எண் விளக்குகள், ஒயர்கள். அவ்வளவுதான். அதற்கு முகம் கிடையாது. அதைச் சுவரிலோ மேசையிலோ வைத்துப் பார்க்கும்படி ஆக்குகிற முகப்புப் பலகையைச் செய்வது முசேயின் ராஜ்யம். சர்க்யூட்டுக்கு அவர் வைத்த பெயர் குடல்.

“குடல எவன்யா பாக்கறான்? மூஞ்சியத்தான பாக்கறான்! அம்மணமா தூக்கினு வந்துட்டான் பாரு, வெக்கமில்லாம!”

மின்துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், முசேயின் வாய்க்குப் பயந்து தன் கடிகாரத்துக்குத் தானே ஒரு முகம் செய்தார். பிளாஸ்டிக் இனிப்பு டப்பாவின் மூடியில் பிளேடால் ஜன்னல் வெட்டி, உள்ளே கடிகாரத்தை வைத்து ஒட்டிவிட்டார். முசே அதைக் கையில் வாங்கினார். திருப்பினார். முகர்ந்து பார்த்தார்.

“இத்த வூட்டுல மாட்டப் போறியா?”

“ஆமா முசே. ஹால்ல.”

“மணி பாக்க வர்றவன் லட்டு கேப்பான். குடுப்பியா?”

நண்பர் மன்னிப்புக் கேட்டு ஒழுங்கான முகம் செய்து தரச் சொன்னார். முசே செய்யும் விதம் இது. முதலில் முகப்பை அதே அளவில் தாளில் வரைவார். அந்தத் தாளைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டி, காலை வெயிலில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, டியூப் லைட்டில் ஒருமுறை கடந்து போவார். பால்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். பால்காரர் கண்ணைச் சுருக்கினால் தாள் கிழியும். புதுத் தாள் ஏறும். அப்புறம்தான் தகடு. வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, எமரி உப்புத்தாளால் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருப்பார். ஒரே திசை. நடுவில் கை திரும்பினால் அந்தக் கீறல் குறுக்கே நிற்கும், தகடு போச்சு. அவர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை எனக்குத் தும்மல் வந்தது. வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தேன். ஓய்வூதியம் வாங்குகிற மனிதன் நான்.

சுவிட்சுக்குப் பெயர் மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்று பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவரோடு அவர் ஒரு மழைக்காலம் முழுவதும் சண்டை போட்டார். வாத்தியார் கீழே என்றார். பார்க்க அழகு என்றார்.

“விரலு எங்கேர்ந்து வருது வாத்தியாரே?”

“கீழேர்ந்து.”

“வந்து எழுத்த மறைக்குதா இல்லியா?”

“மறைக்குது. ஆனா அழகுன்னு ஒண்ணு...”

“அழகு வேணும்னா உன் மூஞ்சிய மறச்சுக்க!”

வாத்தியார் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். அவருடைய சுவிட்சுகளுக்குப் பெயர் மேலே இருந்தது.

அந்த மின்துறை நண்பர் உப்பளம் பகுதியில் இருக்கிறார். கொடுத்த முகத்தை அவர் எப்படி மாட்டியிருக்கிறார் என்று பார்க்க முசே ஒருநாள் போனார். ஃபிரிட்ஜுக்கு மேலே, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. முசே நிமிர்ந்து பார்த்தாராம். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். குடல் சுவரில் தொங்கியது. நண்பர் என்னிடம் ஓடி வந்தார், சட்டப்படி என்ன செய்யலாம் என்று கேட்டு. சட்டப்படி அது திருட்டு. ஆனால் புகார் கொடுக்கப் போனால் கடிகாரம் ஏன் சாய்ந்திருந்தது என்று முதலில் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போய் ரசமட்டம் வைத்து ஆணி அடித்தார். முகம் திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட மனிதரை எதிர்த்துப் பேச ஊரில் ஓர் ஆள் இருந்தாரென்றால் அது அவருடைய தங்கை. அறுபதைக் கடந்தவர். அண்ணன் வைத்த பெயர் பாப்பா. எனவே ஊருக்கும் பாப்பா. கணவர் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து முசேயின் முகப்புகளுக்கு இறுதிப் பரிசோதகர் அவர்தான். முடிந்த முகப்பைச் சுவரில் வைத்து, பின்னால் எண்களை எரியவிட்டு, அடுக்களையில் இருக்கும் தங்கையை அழைப்பார் முசே.

“பாப்பா! இன்னா தெரியுது?”

“உன் தல தெரியுது. நவுரு.”

நகர்ந்த பிறகு எண்ணைச் சொல்வார். சொன்னால்தான் முகப்பு முடிந்ததாகக் கணக்கு.

ஒரு கடிகாரத்தின்போது அது நடந்தது. மணி பன்னிரண்டு நாற்பது. பாப்பா எட்டிப் பார்த்து, “ரெண்டு நாப்பது” என்றார்.

இடது பக்கத்து ‘ஒன்று’ விளிம்பில் மறைகிறது என்று முசே முடிவு செய்தார். ஜன்னலின் இடது ஓரத்தை அரத்தால் அகலமாக்கினார். மறுபடி வைத்தார். மறுபடி “ரெண்டு”. தகட்டைத் திட்டினார், அரத்தைத் திட்டினார், அந்த அரத்தை விற்ற கடையையும் கடை இருந்த நேரு வீதியையும் திட்டினார். மறுநாள் அதே நேரத்துக்குள் புதுத் தகடு எடுத்து, இடது பக்கம் ஒரு கோழிக்குஞ்சு நுழையும் அளவுக்கு ஜன்னல் வெட்டினார். பாப்பா நன்றாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ரெண்டு நாப்பத்தி மூணு” என்றார்.

நான் அப்போது அங்கே இருந்தேன். முசேயின் கையிலிருந்த அரம் மெதுவாக மேசைக்குப் போனது. தகட்டில் கோளாறு இல்லை என்பது அவருக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கண் பிரஷர் என்றார் டாக்டர். நரம்பைத் தின்றிருக்கிறது, போன இடது பக்கப் பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் சொட்டு மருந்தும், முறை தவறாத பரிசோதனையும் வேண்டும், ஒரு முறையும் விடக் கூடாது. பரிசோதனை, நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவில், வியாழக்கிழமைகளில். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கோப்பு திறப்பார்கள்.

அந்தக் கண் பிரிவைக் கட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது; தெரிந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருக்கும். கிழக்கே பெரிய ஜன்னல். எதிர்ச் சுவரில் டோக்கன் எண்ணைக் காட்டும் சிவப்பு விளக்குப் பலகை. அதற்கு முன்னால் பளபளவென்று வெறும் கண்ணாடி. காலை வெயில் நேராக அதில் வந்து விழும். எண்ணை வரையும் ஏழு கோடுகளில் எரிகிறதும் எரியாததும் ஒரே வெள்ளையாகத் தெரியும். எந்த எண் வந்தாலும் எட்டு. எண்பத்தெட்டு. இதைப் படிக்க வேண்டியவர்கள் யார்? கண் நோயாளிகள். அதுவும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாத நிலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். முன்பெல்லாம் நர்சம்மா வாசலில் வந்து எண்ணைக் கூப்பிடுவாராம். பலகை வந்த பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது. பலகைதான் இருக்கிறதே!

பாப்பா முதல் தடவை போனபோது அவர் எண் வந்து போனது தெரியவே இல்லை. கடைசியில் போய்க் கேட்டால், “நம்பர் போட்டமே, நீங்க ஏன் வரல? அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். அடுத்த வாரம் முசே கூடவே போனார். போய் என்ன செய்தார் என்பதை அந்த வளாகத்து மரங்கள் கூட மறந்திருக்காது. கண்ணாடியைத் திட்டினார், ஜன்னலைத் திட்டினார், சூரியன் கிழக்கில் உதிப்பதையே ஆட்சேபித்தார். காவலாளி வந்து வெளியேற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா சொன்னார்: “இனிமே நீ வந்தா நான் வரல. மானம் போவுது. அந்த டாக்டரு நல்லவரு. என் கேஸு அவருக்குத்தான் தெரியும். என் நம்பர நானே பாத்துக்குனு நானே போவேன். இல்லன்னா வுட்டுடு, கண்ணு போனா போவட்டும்.”

பாப்பா சொன்னால் செய்வார். அது முசேக்குத் தெரியும். ஆக, பாப்பாவின் கண் இருப்பதும் போவதும் அந்தப் பலகையை அவர் தனியாகப் படிக்க முடிவதில் வந்து நின்றது. ஆண்டு முழுவதும் வைத்தியம் பார்க்கிற ஓர் அரசாங்கம், ஒரு கண்ணாடியால் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

முசே என் வீட்டு வாசலுக்கு வந்தார். “சார், நான் ஒரு மூஞ்சி செஞ்சு குடுக்கறேன். சும்மா குடுக்கறேன். வாங்கிப்பாங்களா?”

அரசாங்கத்துக்கு ஒரு பொருளை விற்பது எளிது. சும்மா கொடுப்பதுதான் கடினம். ஆனால் கொடைப் பொருள்களை ஏற்பதற்கு விதி உண்டு. அந்த விதியின் எண்ணை நான் தூக்கத்திலும் சொல்வேன். மனு எழுதினேன். அது ஒரு கலை நயமுள்ள மனு. அனுமதி வந்தது.

முசே செய்த முகப்புகளிலேயே சிறந்தது அது. அலுமினியச் சட்டம், நடுவில் கண்ணாடி போன்ற அடர் சிவப்பு அக்ரிலிக் ஜன்னல். சிவப்புக்குப் பின்னால் எரியாத கோடுகள் இருட்டில் அமிழ்ந்துவிடும். எரிகிறவை மட்டும் கனல் போல நிற்கும். பலகையின் மேல் விளிம்பை முன்னால் தள்ளி, கீழ் விளிம்பை உள்ளே இழுத்துச் சாய்வாக அமைத்திருந்தார். அப்போது அதில் ஜன்னல் வெளிச்சம் தெரியாது, தரைதான் தெரியும். தரை கறுப்பு. சூடு வெளியேறப் பக்கவாட்டில் திறப்பு விட்டிருந்தார். எல்லாம் புரிந்தது. ஆனால் அந்தச் சிவப்பு ஜன்னலின் இடது ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழாகத் தடிமனாக ஒரு வெள்ளைக் கோடு. வலது பக்கம் இல்லை. பாலிடெக்னிக் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

“முசே, ஒரு பக்கம் மட்டும் கோடு இருக்கே. பேலன்ஸ் இல்லியே?”

நாங்கள் எல்லாரும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டோம். ஆனால் முசே தாழ்ந்த குரலில்தான் சொன்னார். “பாப்பாவுக்கு எடது பக்கம் எது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல வாத்தியாரே. தலையத் திருப்பி அந்தக் கோட்டப் புடிச்சுட்டா, அங்கேர்ந்து படிச்சுக்கும். கோடு கண்ணுல படற வரைக்கும் திரும்புன்னு சொல்லிக் குடுத்துருக்கேன்.”

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தலையைத் திருப்பி அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்தார்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். அக்ரிலிக் கடையில் வாங்கும்போதே இரு பக்கமும் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும், கீறல் விழாமல் இருக்க. உள் பக்கத்துத் தாளை முசே உரித்துத் துடைத்துவிடுவார். வெளிப் பக்கத்துத் தாளை மாட்டி முடிக்கும்வரை தொட விடமாட்டார். மாட்டுகிறவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் தாளோடு போகட்டும் என்பது அவர் கணக்கு. முகப்பு செய்கிற எவருக்கும் இது பழக்கம். இதிலும் அப்படியே விட்டு, தாள் மேலேயே கொட்டை எழுத்தில் ‘மாட்டிய பிறகு உரிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தார். தானே வந்து மாட்டுவதாகவும் சொன்னார். வெளியாள் அரசுச் சுவரைத் தொடக் கூடாது என்றார்கள். அவர்களுடைய எலக்ட்ரீஷியன், எங்களுக்குச் சொல்லாமல் ஒருநாள் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவிட்டார்.

அடுத்த வியாழன் பாப்பா போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“இன்னா தெரியுது பாப்பா?” முசே வாசலிலேயே நின்றிருந்தார்.

“காக்கிக் கலருல ஒரு அட்ட தெரியுது.”

தாளை உரிக்கவில்லை. இரண்டு விரலால் இழுத்தால் வரக்கூடிய தாள். நானும் முசேயும் போனோம். கிடங்குப் பொறுப்பாளர் ஓர் இளைஞர், மிகவும் மரியாதையானவர். மரியாதையானவர்களிடம் எனக்கு எப்போதும் பயம்.

“உரிக்க முடியாது சார். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ‘பழுப்புத் தாள் ஒட்டிய முகப்புப் பலகை, ஒன்று’ன்னு ஏறிடுச்சு. தாள உரிச்சா, ஆடிட்ல தாள் எங்கன்னு கேப்பாங்க.”

“உரிச்சு அலமாரியில வையுங்க தம்பி.”

“அப்ப பலகை ஒரு ஐட்டம், தாள் ஒரு ஐட்டம் ஆயிடும் சார். ஒரு ஐட்டத்த ரெண்டாப் பிரிக்க எனக்குப் பவர் இல்ல.”

“அந்தத் தாள்லயே உரிக்கச் சொல்லி எழுதியிருக்கே!”

“அது தனிநபர் எழுதனது சார். ஆர்டர் இல்லியே.”

உறை பொருளாகாது என்ற விதியை எண்ணோடு சொன்னேன். அவர் பணிவாகக் குறித்துக்கொண்டார். அதை மேற்கோள் காட்டி மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு எழுதுவதாகச் சொன்னார். எழுதினார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பு மேலே போனது. மேலே போன கோப்பு, மேலே இருக்கிற யாருடைய மேசையிலோ, தன் மேல் இன்னொரு கோப்பு விழும்வரை அமைதியாக இருந்தது. முப்பது நாள் வந்தது, போனது. நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். அந்த நாள்களில் நான் பேசிய சில சொற்களை என் மனைவி அதற்குமுன் கேட்டதில்லை.

இதற்கிடையில் நர்சம்மாவைக் கூப்பிடச் சொல்லலாம் அல்லவா? சொன்னோம். பலகை பழுதானால்தான் வாயால் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. பலகை பழுதில்லை. தாளுக்குப் பின்னால் ஒரு குறையுமின்றி எரிந்துகொண்டிருந்தது.

முசே ஏன் போய்க் கிழித்துப் போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரே அதைத்தான் எதிர்பார்த்தது. ஃபிரிட்ஜுக்கு மேல் சாய்ந்திருந்த கடிகாரத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்தவர் ஆயிற்றே. ஆனால் பாப்பா முந்திக்கொண்டார். “நீ அதுல கைய வெச்சே, கேஸு போடுவாங்க, அப்பறம் நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

எனவே முசே வேறொரு வழி கண்டார். சாய்வான பலகை அல்லவா? பக்கவாட்டில் திறப்பு இருந்தது. சுவரோடு கன்னத்தை வைத்து அழுத்தி உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எண் தெரியும். பார்த்து, கூடத்தைப் பார்த்துக் கத்துவார். உள்ளே வருவதற்கு வழி? நோயாளியோடு ஒரு துணையாள் வரலாம். பாப்பா அவரைத் துணையாளாகக் காட்டமாட்டார். என் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. வியாழன்தோறும் நான் நோயாளி, முசே என் துணையாள். பாப்பாவோடு அவர் வரவில்லை என்பதால் பாப்பாவின் ஆணையும் மீறப்படவில்லை. காவலாளி ஆட்சேபித்தார். துணையாள் சுவரில் சாயக் கூடாது என்றோ, பார்த்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றோ விதி இருந்தால் காட்டும்படி கேட்டேன். இன்றுவரை காட்டவில்லை.

“நாப்பத்தி ஒண்ணு! யாருய்யா நாப்பத்தி ஒண்ணு? கண்ணுதான தெரியல, காதுமா? யோவ் பச்சத் துண்டு, உன்னத்தான், எழுந்துரு! நாப்பத்தி ரெண்டு! ஓடாதம்மா, வுழுந்து வெச்சா எலும்பு டாக்டருகிட்ட வேற டோக்கனு போடணும்!”

மூன்றாவது வாரத்தில் உழவர்கரையிலிருந்து வந்த ஒரு விவசாயி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதைக் கேட்டேன்: “இந்த ஆசுபத்திரியில திட்டறதுக்குன்னே ஒரு ஆளு போட்டுருக்காங்கப்பா. நல்ல ஆளு.” யாருக்கும் முறை தவறவில்லை. கன்னத்தில் சுண்ணாம்பு வெள்ளையோடு முசே வெளியே வருவார். சில பாட்டிகள் அவருக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். பழம் கனியவில்லை என்று அவர்களையும் திட்டினார்.

பாப்பா தனியாக வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். தொடர்ந்து வருகிறவர்களுக்கு எண் மாறாது; அவருடையது பதினேழு. அண்ணனை யாரென்றே தெரியாதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். முசேயும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். அவருடைய எண் வரும்போது மட்டும், அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் முசேயின் குரல் கீழே இறங்கும். “பதினேழு” என்பார், தகட்டைத் துணியால் மூடுவது போல. வேறு வசவு இல்லை. யோவ் இல்லை. கடைசி வரிசைக்கு அது எப்படிக் கேட்டதோ, பாப்பா எழுந்து போவார். முறை தவறாமல் போனார். ஆனால் அவர் கேட்டது இது அல்ல. தன் எண்ணைத் தானே பார்த்துப் போக வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. ஒவ்வொரு வியாழனும் திரும்பும் வழியில் முசே என்னிடம் அதைத்தான் சொல்வார். “இன்னும் நாந்தான சார் சொல்றேன்? அதுவா பாக்கலியே.”

ஒரு வியாழன், கூடம் நிறைந்திருந்தபோது, கிடங்கு இளைஞர் கையில் ஒரு தாளோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவரும் அதற்காகக் காத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “சார், வந்துடுச்சு! உறை பொருளாகாதுன்னு போட்டுருக்காங்க. உரிச்சுடலாம்.”

நான் முதலிலேயே எண்ணோடு சொன்ன அதே வரி. ஒரு சொல் கூடக் கூடவில்லை, குறையவில்லை. அதைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஒரு கோடைகாலமும் ஒரு மழைக்காலமும் தேவைப்பட்டிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் முசே இளைஞரை நாற்காலி மேல் ஏற்றிவிட்டார்.

“மூலையிலேர்ந்து புடி! நேரா இழுக்காத, மடிச்சு இழு, படுக்க வெச்சு இழு! நெகம் படக்கூடாது! யார்ரா உனக்கு வேல குடுத்தான்?”

தாள் முழுசாக வந்தது. சிவப்புக்குள் பதினைந்து என்ற எண் கனல் போல நின்றது. காலை வெயில் தரையில் கிடந்தது, பலகையில் இல்லை. பதினாறு வந்தது, ஒரு பெரியவர் தானாக எழுந்து போனார். பிறகு பதினேழு. முசே பழக்கத்தில் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

கடைசி வரிசையில் பாப்பா தலையை இடது பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். கோட்டில் நிறுத்தினார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார். டாக்டர் அறைக்கு நேராகப் போக வேண்டியவர், பலகையின் அடியில் சுண்ணாம்புக் கன்னத்தோடு நின்ற மனிதர் முன்னால் நின்றார். அத்தனை மாதங்களில் அந்தக் கூடத்தில் அவர் முசேயிடம் பேசியது அதுதான் முதல் தடவை; எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

“நல்லாத் தெரியுதுண்ணா.”

போய்விட்டார். முசே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இளைஞர் நாற்காலியை அவர் காலில் வைத்து இடித்தார்; முசே காலை நகர்த்திக்கொண்டார். வழக்கமான பாட்டி கனியாத வாழைப்பழத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டார். அன்று மாலைவரை, எனக்குத் தெரிந்து, புதுச்சேரியில் யாரையும் அவர் திட்டவில்லை.

முப்பது நாளுக்குள் வந்திருக்க வேண்டிய பதில் வந்து சேர்ந்தது கார்த்திகை மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை.